முகத்துக்குக் கீழே இருக்கும் எழுத்து

பழைய இங்கிலாந்தில் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட உருவப்படங்களைப் பார்க்கும்போது முகத்திலிருந்து தொடங்குவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். கண் நேராகக் கீழேதான் போகிறது.

17ஆம் நூற்றாண்டுப் படம் ஒன்று இப்போது திரையில் இருக்கிறது. கல்லில் செதுக்கியது போன்ற முட்டை வடிவச் சட்டம், அதற்குள் மார்பளவில் ஒரு கனவான். சட்டத்தின் அடியில் குலச்சின்னம். அதற்கும் கீழே பெயர், பெயருக்குப் பின்னால் 'எஸ்கொயர்' என்ற கனவான் பட்டம். அந்த ஒரு சொல்லுக்காகவே சிலர் படம் செதுக்கக் கொடுத்திருப்பார்கள் என்று தோன்றும். வண்ண ஓவியம் ஒரு வீட்டுச் சுவரோடு நின்றுவிடும். தகட்டிலிருந்து நூற்றுக்கணக்கில் அச்சிடலாம், நண்பர்களுக்குக் கொடுக்கலாம், தான் எழுதிய புத்தகத்தின் முகப்பில் சேர்த்துத் தைக்கலாம்.

அப்புறம் அந்தப் பட்டுச் சட்டையைப் பெரிதாக்கிப் பாருங்கள். இருப்பது கறுப்பு மை மட்டும்தான். உளிக்கோடு தடித்து, மெலிந்து, மடிப்பின் மேட்டில் சட்டென நின்றுவிடுகிறது. அங்கே தெரியும் வெற்றுக் காகிதம்தான் பட்டின் பளபளப்பு! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

முகம் இதில் எவ்வளவு சின்ன விஷயம் என்பதற்குப் பியர் லோம்பார் செதுக்கிய குதிரைவீரன் படமே போதும். ஓவியர் வான் டைக் வரைந்த, இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் ஓவியத்தைப் பின்பற்றிய தகடு அது. தலையை மட்டும் தேய்த்து அழித்து வேறு தலை செதுக்கினார்கள். ஒரு பிரதியில் அந்த மன்னரை வீழ்த்திய க்ராம்வெல், இன்னொன்றில் சார்லஸ். தலையே இல்லாத பிரதியும் உண்டு. குதிரையும் கவசமும் யார் வந்தாலும் அப்படியே நின்றன.

1769இல் ஜேம்ஸ் கிரேஞ்சர் என்ற பாதிரியார் இத்தகைய படங்களை 12 வகுப்புகளாகப் பிரித்துப் புத்தகம் போட்டார். முதல் வகுப்பு அரச குடும்பம். சாதாரணக் கனவான்கள் 8ஆவது. மருத்துவர்களும் கவிஞர்களும் 9ஆவது. ஓவியர்களும் கைவினைஞர்களும் 10ஆவது. அரச குடும்பத்துக்கு வெளியே பெண்கள் பெரும்பாலும் தனியே 11ஆவது; இதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. தகடு செதுக்கியவருக்கும் 10ஆவது வகுப்புதான். ஆனால் பிரான்சில் மன்னர் 14ஆம் லூயி 1660லேயே செதுக்குக் கலையை, கைவினைச் சங்கங்களின் கட்டுப்பாட்டுக்கு உட்படாத சுதந்திரக் கலை என்று அறிவித்துவிட்டார்.

சரி, அந்தக் கனவானிடம் திரும்புவோம். படத்தின் கீழ் ஓரத்தில், 'எஸ்கொயர்' என்ற எழுத்தில் கால்வாசி உயரத்தில், 'செதுக்கினார்' என்ற லத்தீன் சொல்லோடு ஒரு பெயர். அந்தப் பெயரையும் செதுக்கியது அதே கைதான்.