ஆலைக்காரர்களின் கடற்கரை

இங்கிலாந்து போய்வந்ததிலிருந்து, மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் பார்க்கிறவர்கள் எல்லாரும் "லண்டன்ல என்னா பாத்தீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். அரண்மனை, பெரிய கடிகாரம், ஆற்றுப் பாலம் எல்லாம் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தன. ஆனால் நம்மைப்போல் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் அந்த நாட்டுக்குப் போனால் முதலில் பார்க்க வேண்டிய ஊர், வடமேற்குக் கடற்கரையில் இருக்கும் பிளாக்பூல். சந்தையில், கோயிலில், கல்யாண வீட்டில் என்று எங்கே கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன். பாதிப் பேருக்கு அந்தப் பெயரே புதிதாக இருக்கிறது. அதனால் விவரமாக எழுதிவைக்கிறேன்.

என் மகள் பிரஸ்டனில் தாதியாக இருக்கிறாள். அங்கிருந்து பிளாக்பூலுக்கு ரயிலில் அரைமணி நேரம்தான். நிலம் தட்டையாகக் கிடப்பதால், ஊர் வருவதற்கு வெகு முன்னாலேயே கோபுரம் தெரிந்துவிடும். யார் முதலில் கோபுரத்தைப் பார்க்கிறார்கள் என்று பிள்ளைகள் ஜன்னலில் முட்டி மோதுவது அங்கே தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. எங்கள் பெட்டியிலும் ஒரு பையன் சத்தம் போட்டான். அவன் பாட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்த ஊர் எப்படி உருவானது என்று தெரிந்துகொண்டு போனால்தான் பார்ப்பதற்கே அர்த்தம் இருக்கும். 1846-ல் ரயில் வரும்வரை, கொஞ்சம் வசதியானவர்கள் குதிரை வண்டியில் வந்து கடலில் குளித்துவிட்டுப் போகும் சின்ன இடம் அது. அந்தப் பக்கம் லங்காஷயர் முழுக்கப் பஞ்சாலைகள். பர்ன்லி, ஓல்டம், போல்ட்டன், பிளாக்பர்ன் என்று ஊருக்கு ஊர் புகைபோக்கிகள். வருடத்தில் ஒரு வாரம் ஆலையை மூடிக் கொதிகலனைச் சுத்தம் செய்வார்கள், இயந்திரங்களைப் பழுதுபார்ப்பார்கள். வேக்ஸ் வாரம் என்று அதைச் சொல்வார்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு வாரம். அந்த வாரம் வந்தால் ஊரே காலியாகிவிடும். ஒரே தெருக்காரர்கள் ஒரே ரயிலில் ஏறி, பிளாக்பூலிலும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் தங்குவார்கள்.

அந்த வாரத்துக்குச் சம்பளம் கிடையாது. சம்பளத்தோடு விடுமுறை என்ற சட்டமே 1938-ல்தான் வந்தது. அதுவரை வருடம் முழுக்க வாராவாரம் சில்லறை கட்டிச் சேர்த்தார்கள். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், அம்மா கூட்டுச் சீட்டு கட்டித் தீபாவளிக்கு எடுப்பார். அந்தப் பெண்கள் கடலுக்கு எடுத்தார்கள். தங்கும் வீட்டில் சாப்பாட்டுச் சாமான்களைத் தாங்களே வாங்கிக்கொடுப்பார்களாம், வீட்டுக்காரம்மா சமைத்துப் போடுவாராம். உப்பும் மிளகுத்தூளும் மேசையில் வைத்ததற்குத் தனியாகக் காசு வாங்கிய வீடுகளும் இருந்திருக்கின்றன. இப்படி எண்ணி எண்ணிச் செலவு செய்தவர்களை நம்பித்தான் அவ்வளவு பெரிய கோபுரத்தைக் கட்டினார்கள்.

ஊரின் மேயராக இருந்த ஜான் பிக்கர்ஸ்டாஃப் 1889-ல் பாரிஸ் கண்காட்சிக்குப் போய் ஈஃபிள் கோபுரத்தைப் பார்த்துவிட்டு வந்தவர். நம் ஊரிலும் ஒன்று வேண்டும் என்று கிளம்பினார். 1894 மே 14 அன்று திறந்தார்கள். உயரம் 518 அடி. உள்ளே நுழைய ஆறு பென்ஸ், மின்தூக்கியில் மேலே போக இன்னொரு ஆறு பென்ஸ், சர்க்கஸ் பார்க்க இன்னும் ஆறு பென்ஸ். சர்க்கஸ் நடப்பது கோபுரத்தின் நான்கு கால்களுக்கு நடுவில். ஆட்டக்களத்தின் தரை அப்படியே கீழே இறங்கும், தண்ணீர் நிரம்பும், அதற்குள்ளும் வித்தை காட்டுவார்கள். மேலே கண்ணாடித் தரையும் இருக்கிறது. மகள் அதன்மேல் நடந்தாள், நான் ஓரமாக நின்று கடலைப் பார்த்தேன்.

என்னைப் பிடித்து நிறுத்தியது கோபுரத்தின் அடியில் இருக்கும் நடனக்கூடம். பிராங்க் மாட்சம் என்பவர் வடிவமைத்து 1899-ல் திறந்தது. ராஜா வீட்டு மண்டபம் என்றுதான் சொல்லத் தோன்றும். இரண்டு அடுக்கு மாடம், தங்கப் பூச்சு, கூரை முழுக்க ஓவியம், பெரிய பெரிய சரவிளக்குகள். தரை மட்டும் 30,602 மரத்துண்டுகளால் ஆனது. மஹோகனி, ஓக், வால்நட் என்று மூன்று வகை மரம். 1956-ல் தீப்பிடித்து அந்தத் தரை போய்விட்டது. இரண்டு வருடம் உழைத்துப் பழையபடியே செய்து வைத்திருக்கிறார்கள். தறி ஓட்டியவர்கள் ஆடுவதற்கென்றே இவ்வளவு வேலைப்பாடு! யாருக்கும் குறைந்த தரத்தில் எதையும் கொடுக்கவில்லை.

மேடைக்கு அடியிலிருந்து வுர்லிட்சர் ஆர்கன் என்னும் பெரிய இசைக்கருவி இசைத்துக்கொண்டே மேலே எழும்பி வருகிறது. ரெஜினால்ட் டிக்சன் 1930 முதல் 1970 வரை அங்கே வாசித்தவர். அந்த ஊர்க்காரர்கள் அவர் பெயரைச் சொல்லும்போதே குரல் மாறுகிறது. இப்போதும் பகலில் வாசிக்கிறார்கள், இப்போதும் ஆடுகிறார்கள். நாங்கள் தேத்தண்ணியும் ஸ்கோனும் வாங்கி ஓரத்து மேசையில் உட்கார்ந்தோம். பக்கத்து மேசையில் ஒரு கிழவர் காகிதப் பையிலிருந்து ஆடுவதற்கான காலணியை எடுத்தார். அடியில் மெல்லிய தோல் வைத்த கறுப்புக் காலணி. கைக்குட்டையால் துடைத்துப் போட்டுக்கொண்டு மனைவியின் முன்னால் போய்க் கை நீட்டினார். வெளியே தடி ஊன்றி நடந்துவந்தவர், அந்தத் தரையில் மூன்று பாட்டுக்கு நிற்காமல் சுற்றினார்.

ஆடி முடித்து வந்ததும் அந்த அம்மா எங்களோடு பேச்சுக் கொடுத்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்றார். மலேசியா, ரப்பர் தோட்டம், அப்பா அம்மா இருவரும் பால்மரம் வெட்டியவர்கள் என்றேன். "என் அம்மா நெசவாலையில் நாலு தறி பார்த்தவர்" என்றார் உடனே. தறிச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாது என்பதால், ஆலைப் பெண்கள் உதடு அசைவிலேயே பேசிக்கொள்வார்களாம். வீட்டுக்கு வந்தாலும் அவர் அம்மா வாயை அகலத் திறந்து சத்தமில்லாமல்தான் பேசுவாராம். அதை அந்த அம்மா செய்து காட்டினார். நானும் என் கட்டைவிரலை வைத்து, உளியால் பட்டையைச் சீவும்போது அம்மாவின் கை எப்படிப் போகும் என்று காட்டினேன். மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் நாற்றம் எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாது என்பதை மகள் மொழிபெயர்த்தாள். எண்ணெயும் பஞ்சுத் தூசியும் அப்படித்தான் என்றார் அவர். அங்கே எவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தோம் என்று தெரியவில்லை. தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.

கோபுரம் தவிரவும் நிறைய இருக்கிறது. கடலுக்குள் நீளும் மூன்று பாலங்கள். வடக்குப் பாலம் 1863, நடுப் பாலம் 1868, தெற்குப் பாலம் 1893. வடக்கில் கனவான்கள் உலாவினார்கள், நடுப் பாலத்தில் உழைப்பாளிகள் ஆடினார்கள். 1885-ல் தொடங்கிய மின்சார டிராம் இன்னும் கடலோரமாக ஓடுகிறது. 1879-ல் எட்டே எட்டு மின்விளக்கை ஏற்றி, கடற்கரையில் கூட்டம் சேர்த்த ஊர் அது. இன்று கோடைக்குப் பிறகு மாதக்கணக்கில் கடற்கரைச் சாலை முழுவதும் விளக்கு அலங்காரம் வைக்கிறார்கள். எங்கள் பினாங்குத் தண்ணீர்மலைத் தைப்பூசத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கே கண் கூசியது.

ராக் என்னும் மிட்டாயைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். குச்சி மாதிரி இருக்கும், எந்த இடத்தில் உடைத்தாலும் உள்ளே ஊர்ப் பெயர் தெரியும். காய்ச்சிய சர்க்கரைப் பாகைச் சூடு ஆறுவதற்குள் நிறப் பட்டைகளாக வெட்டி, ஒவ்வொரு எழுத்தையும் அடுக்கி, ஆள் தொடை கனத்துக்குப் பெரிய கட்டையாக உருட்டுகிறார்கள். பிறகு ஜவ்வு மிட்டாய்க்காரர் இழுப்பதுபோல் உருட்டி உருட்டி இழுத்து நீட்ட, எழுத்துகளும் கூடவே சுருங்கி விரல் பருமனுக்கு வந்துவிடுகின்றன. முழுக்கக் கைவேலை.

ஒரு எச்சரிக்கை. வட இங்கிலாந்தில் பல கடைகளில் மீனையும் உருளைக்கிழங்கையும் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். நம்மவர்கள் வாங்கும் முன் எந்த எண்ணெய் என்று கேட்டுவிடுங்கள். தாவர எண்ணெய்க் கடைகளும் இருக்கின்றன.

மான்செஸ்டர் அறிவியல், தொழில் அருங்காட்சியகத்துக்கும் ஒரு பகல் ஒதுக்கலாம். 1830-ல் திறந்த ரயில் நிலையம் அந்த வளாகத்திலேயே இருக்கிறது. இந்தப் பஞ்சாலைத் துணிகள்தாம் இந்தியாவில் நம் நெசவாளர்களின் பிழைப்பைக் கெடுத்தன. காந்தி அந்நியத் துணியை விலக்கச் சொன்னபோது லங்காஷயரில் ஆலைகள் மூடின. 1931-ல் அவர் லங்காஷயர் டார்வன் ஊருக்கே போய், வேலை இழந்தவர்களைச் சந்தித்தார். ஆலைப் பெண்கள் அவரைச் சுற்றி நின்று கையைத் தூக்கி ஆரவாரம் செய்யும் புகைப்படத்தை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். கோபப்பட எல்லாக் காரணமும் இருந்தவர்கள் அவர்கள். அந்தப் படத்தில் சிரிக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த படம் அது.

தெற்கே பிரைட்டன். அங்கேயும் கடற்பாலம், 1883-லிருந்து ஓடும் வோல்க் மின்சார ரயில் எல்லாம் உண்டு. ஆனால் நம்மவர்கள் அங்கே போக வேறு காரணம் இருக்கிறது. நான்காம் ஜார்ஜுக்காக ஜான் நாஷ் 1815 முதல் 1822 வரை கட்டிய ராயல் பெவிலியன், வெளியே இந்தியக் குவிமாடமும் உள்ளே சீன அலங்காரமுமாக இருக்கும் அரண்மனை. முதல் உலகப்போரில், 1914 டிசம்பரிலிருந்து 1916 தொடக்கம் வரை, அதைக் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு மருத்துவமனையாக மாற்றினார்கள். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய், ஒன்பது சமையலறைகள். சரவிளக்குக்கு அடியில் வரிசையாகக் கட்டில்கள், தலைப்பாகையோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கும் பையன்கள். அந்தப் படங்களை உள்ளே ஓர் அறையில் வைத்திருக்கிறார்கள்.

இறந்துபோன இந்து, சீக்கியச் சிப்பாய்கள் 53 பேரை ஊருக்கு வெளியே பேட்ச்சம் குன்றில் எரித்தார்கள். அந்த இடத்தில் 1921-ல் வெள்ளைப் பளிங்கில் சத்ரி என்னும் நினைவு மண்டபத்தைக் கட்டினார்கள். எட்டுத் தூண், மேலே ஒரு குவிமாடம். வாகனம் பக்கத்தில் போகாது, ஆடு மேயும் புல்வெளியில் கொஞ்சத் தூரம் நடக்க வேண்டும். காற்று ஆளைத் தள்ளும். அரண்மனைக்கு நுழைவுச்சீட்டு வாங்குகிறவர்கள் இதையும் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

அப்புறம் லண்டனில் கியூ தோட்டம். 1876-ல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகள் இங்கேதான் போடப்பட்டன. அவற்றில் சில ஆயிரம்தான் முளைத்தன. முளைத்தவற்றில் 22 கன்றுகள் மறுவருடம் சிங்கப்பூருக்கு வந்தன, அவற்றில் சில கோலகங்சாருக்கு. பாம் ஹவுஸ் என்ற கண்ணாடி மாளிகைக்குள் ஒரு பால்மரம் நின்றது. தடவிப் பார்த்தேன். உளி படாத பட்டை, வழவழவென்று இருந்தது. எங்கள் தோட்டத்தில் அப்படி ஒரு மரத்தை நான் பார்த்ததே இல்லை. என் பாட்டன் கப்பலேறி வந்தது, அம்மா இருட்டில் எழுந்து காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்கு ஓடியது, நான் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் வளர்ந்தது எல்லாவற்றுக்கும் அந்தக் கண்ணாடி வீட்டு வாசலில்தான் காரணம் இருக்கிறது.

அந்தக் கன்றுகளில் மிஞ்சிய மரம் நமக்குப் பக்கத்தில், கோலகங்சாரில் இன்னும் நிற்கிறது. பார்க்காதவர்கள் போய்ப் பாருங்கள், பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். மரம் இருக்கிறது சரி, அதை வெட்டியவர்களின் வாழ்க்கை எங்கே இருக்கிறது? உழைத்த கதையையாவது யாராவது எழுதுகிறார்கள். அவர்கள் சந்தோஷமாக இருந்த கதையை யாரும் சேர்த்துவைக்கவில்லை. திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்டதும், இடம் கிடைக்காதவர்கள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரிய முழுப்படமும் பார்த்ததும், தைப்பூசத்துக்குத் தோட்டத்து லாரியில் பினாங்கு போய் எங்கள் அப்பா முழங்கால் வரை கடலில் இறங்கி நின்றதும், திருவிழாக் கரகாட்டமும், தோட்டத்துக்குத் தோட்டம் நடந்த பந்தாட்டமும் அந்த நடனக்கூடத்துக்கு எந்த வகையில் குறைந்தவை? இன்று பாதித் தோட்டம் செம்பனையாகிவிட்டது, மீதி வீட்டுமனையாகிவிட்டது. லயங்களை இடித்துவிட்டார்கள். நினைவு வைத்திருப்பவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள்.

அதனால் ஒன்று ஆரம்பித்திருக்கிறேன். சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் படம் போட்ட இரவு, லாரிப் பயணம், கோயில் திருவிழா, பந்துக் குழு, இப்படி எந்தப் புகைப்படம் உங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் இருந்தாலும் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்புங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், படத்தில் யார் யார் என்று பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். அசல் படம் உங்களிடமே இருக்கட்டும். இதுவரை வந்தவற்றில் ஒரு படத்தில், சவுக்குக் கம்பத்தில் திரை கட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்த்த எங்கள் பழைய தண்டல். இன்னொருவர் யாரென்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.