தொட்டித் தண்ணீர் 23 டிகிரி

டிசம்பர் 12

ஒரு வாரமாகப் பெய்த மழை நேற்று மதியம் விட்டது. ராத்திரி வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. விடியற்காலை நாலரைக்கு அத்தான் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டக் கிளம்பியபோது மீன்தொட்டியில் கிடக்கும் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு முற்றத்திலிருந்தே சொன்னார்: "இருபத்தி மூணு காட்டுது." மழை நாட்களில்கூட 25-க்குக் கீழே இறங்கவில்லை.

மேகம் மூடிக் கிடந்தால் தரையின் சூடு அவ்வளவாக வெளியே போகாது. வானம் தெளிந்தால் போய்விடும். அதோடு எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் தாண்டி, பேச்சிப்பாறை போகிற சாலையில், மலையடிவாரத்தில் இருக்கிறது. ராத்திரி மலையில் குளிர்ந்த காற்று கனம் கூடிச் சரிவு வழியே இறங்கி எங்கள் விளையில்தான் வந்து தங்கும். நாகர்கோவிலில் தங்கை வீட்டில் இன்னும் ஃபேன் போட்டுத்தான் தூங்குகிறார்களாம்.

ஏழு மணிக்குப் போட்ட தீவனம் எட்டரை வரை மிதந்தது. திலேப்பியா அப்படி விட்டுவைக்கிற மீன் இல்லை. கையை நீட்டினாலே முகத்தில் தண்ணீர் தெறிக்கும். இன்றைக்கு எல்லாம் அடியில் கூட்டமாக அசையாமல் நின்றன. 28 டிகிரியில் துள்ளித் தின்கிற மீனுக்கு 23-இல் பசி நன்றாகக் குறைந்துவிடும். 20-க்குக் கீழே போனால் வாயைத் திறக்காத மாதிரிதான். சாகிற குளிர் 10, 12 டிகிரிப் பக்கம், அது இங்கே வராது. ஆனால் தின்னாத தீவனம் அழுகி அம்மோனியாவாகும். அந்த அம்மோனியாவைச் செடிக்கு உரமாக மாற்றித் தருகிற பாக்டீரியாவும் குளிரில் மந்தமாகிவிடும். இரண்டும் சேர்ந்து வருவதுதான் எனக்குப் பயம்.

புதிதாக வாசிக்கிறவர்களுக்காக: கம்பி வலைக்குள் தார்ப்பாய் விரித்த வட்டத் தொட்டி, 2 மீட்டர் அகலம், ஏறக்குறைய 3000 லிட்டர். அதில் 120 திலேப்பியா. தண்ணீர் ஜல்லி நிரப்பிய இரண்டு செடித்தொட்டிகளுக்கு ஏறி, கீரைக்கும் தக்காளிக்கும் புதினாவுக்கும் உரம் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும். தனியாக ஒரு 1000 லிட்டர் தொட்டியில் அசாம் வாளைக் குஞ்சு 150.

டிசம்பர் 13

ஹீட்டர் வாங்கிப் போடச் சொல்லி மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 1000 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி ஏற்ற 1.16 யூனிட் கரண்ட் வேண்டும். 3000 லிட்டரை 3 டிகிரி ஏற்ற 10 யூனிட்டுக்கு மேல். அது ஒரு ராத்திரிக் கணக்கு. இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கிற 100 யூனிட் பத்தே நாளில் தீர்ந்துவிடும். அதற்கு மேல் திலேப்பியா விற்று வருகிற காசு கரண்ட் பில்லுக்கே போகும்.

பக்கத்து வீட்டு அண்ணன் வெந்நீர் போடுகிற ராடைத் தொட்டியில் போடலாம் என்றார். அதை யாரும் தயவுசெய்து செய்ய வேண்டாம். தானாக அணைகிற ஏற்பாடு அதில் கிடையாது, தண்ணீரில் கை வைக்கிறவர் உயிருக்கே ஆபத்து.

சூடு எந்த வழியாகப் போகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். தீவனத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். நேரத்தையும் காலை ஏழிலிருந்து பதினொன்றுக்கு மாற்றியாயிற்று.

டிசம்பர் 15

30 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு அலுமினியச் சட்டியில் 2 லிட்டர் தண்ணீர் அளந்து ஊற்றி, நேற்று சாயந்தரம் ஆறு மணிக்குத் தொட்டியிலேயே மிதக்கவிட்டேன். கவிழாமல் இருக்க இரண்டு பக்கமும் கயிறு. காலை ஆறு மணிக்கு மருந்து அளக்கும் குப்பியால் திரும்ப அளந்தேன். 1890 மில்லிதான் இருந்தது. ஒரே ராத்திரியில் 110 மில்லி ஆவியாகிப் போயிருக்கிறது.

சட்டியின் பரப்பைவிடத் தொட்டியின் பரப்பு 44 மடங்கு. ஆக, தொட்டியிலிருந்து ஏறக்குறைய 5 லிட்டர். 3000 லிட்டரில் 5 லிட்டர் கண்ணுக்கே தெரியாது. ஆனால் தண்ணீர் ஆவியாகும்போது எடுத்துக்கொண்டு போகிற சூடு கொஞ்சநஞ்சம் இல்லை. 1 லிட்டர் ஆவியாக வேண்டுமென்றால் அது 580 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி குளிரவைத்துவிட்டுத்தான் போகும். 5 லிட்டருக்குக் கணக்குப் பாருங்கள், தொட்டி முழுவதும் 1 டிகிரி! மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே வேலைதான் என் மீன்தொட்டியிலும் ராத்திரி முழுக்க நடந்திருக்கிறது.

டிசம்பர் 17

மூடி தயார். கமுகு வாரியில் வட்டமாகச் சட்டம் கட்டி, மேலே பழைய பிளக்ஸ் பேனர். ஒரு கல்யாண வீட்டு பேனர் அது, அச்சடித்த பக்கத்தை மேலே பார்க்க வைத்து, வெள்ளைப் பக்கம் தண்ணீரைப் பார்க்கிறது. ஒரு கையகலம் இடைவெளி விட்டிருக்கிறேன். முழுக்க அடைத்தால் மீன் மூச்சுவிட்ட காற்று உள்ளேயே தங்கும். சாயந்தரம் ஐந்தரைக்கு மூடுவது, காலை எட்டரைக்குத் திறப்பது.

மாமி காலையில் குளித்துவிட்டு வந்து கேட்டார்கள்: "கெணத்துத் தண்ணி சூடாத்தான மக்ளே இருக்கு, அத ஊத்தப்பிடாதா?" மார்கழியில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பது சிறு வயதிலிருந்தே தெரியும். ஆனாலும் எனக்கு அது தோன்றவில்லை. தெர்மாமீட்டரை வாளியில் விட்டுப் பார்த்தேன், 26.8. நிலத்துக்குள் தண்ணீர் வருஷம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருக்கிறது. வெளியே காற்று குளிர்வதால் நமக்கு அது வெந்நீராகத் தெரிகிறது.

300 லிட்டர் மாற்றினால் தொட்டி 0.4 டிகிரி ஏறும். பெரிதாக ஒன்றும் இல்லை, அதோடு செடிக்கு வேண்டிய சத்தும் வெளியேறிவிடும். அதனால் குறைகிற தண்ணீரை நிரப்ப மட்டும் விடியற்காலையில் கிணற்றிலிருந்து எடுப்பது என்று வைத்துக்கொண்டேன். ஆழத்துத் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால் உயரத்திலிருந்து சிதற விட்டு ஊற்றுகிறேன்.

டிசம்பர் 20

பெரிய தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்து சின்னதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். இன்று காலை அசாம் வாளைக் குஞ்சுகள் தொட்டியின் சுவரில் உடம்பை உரசிக்கொண்டு ஓடின. ஒன்றைக் கிண்ணத்தில் எடுத்து வெயிலில் பார்த்தேன். முதுகிலும் துடுப்பிலும் ரவையைத் தூவின மாதிரி வெள்ளை வெள்ளையாக. வெள்ளைப் புள்ளி நோய். இறாலுக்கு வருகிற வைரஸ் நோய்க்கும் இதே பேர்தான், ஆனால் இது வேறு. இது ஒட்டுண்ணி. தண்ணீர் திடீரென்று குளிர்ந்து மீன் தளர்கிற நேரம் பார்த்துப் பிடித்துக்கொள்ளும். 1000 லிட்டர் தண்ணீர் 3000 லிட்டரைவிட வேகமாகக் குளிரும் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனாலும் முதல் மூடியை இதற்குப் போடவில்லை. காலைக்குள் 9 செத்துவிட்டன. அவ்வளவு சின்ன உடம்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தென்னை மூட்டில் புதைக்கும்போது நெஞ்சு கனத்தது.

அசாம் வாளை மாதிரிச் செதில் இல்லாத மீனுக்குக் கடையில் விற்கும் நீல, பச்சை மருந்துகளைத் தாங்கும் சக்தி குறைவு. அதனால் உப்பும் சூடும் மட்டும். 200 லிட்டர் நீல டிரம், 600 கிராம் கல்லுப்பு, 300 வாட் கண்ணாடி ஹீட்டர். தானாக அணைகிற வகை அது, கரண்ட் கசிந்தால் உடனே துண்டித்துவிடுகிற ஆர்சிசிபி வழியாகத்தான் இணைப்பு. ஒரு மணிக்கு 1 டிகிரிக்கு மேல் ஏற்றாமல் ராத்திரிக்குள் 30-க்குக் கொண்டுவந்தாயிற்று. அந்தச் சூட்டில் ஒட்டுண்ணியால் ஒழுங்காகப் பெருக முடியாது. மீனை விட்டு வெளியே நீந்துகிற பருவத்தில் உப்பு அதைக் கொல்லும். தோலுக்குள் இருக்கும்போது எதுவும் தொடாது. அதனால்தான் ஒரே நாளில் தீராது. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் நிற்கிற இடத்தில் 30-இல் 7.5 தான். காற்றுக் குமிழி விடுகிற ஏர் ஸ்டோன் இரண்டு போட்டிருக்கிறேன்.

பெரிய தொட்டி முழுவதையும் சூடாக்கப் பணம் இல்லை. நோய் வந்த குஞ்சுக்கு மட்டும் 200 லிட்டரைச் சூடாக்கலாம்.

டிசம்பர் 24

டிரம்மில் தினமும் பாதித் தண்ணீர் மாற்றம். புதுத் தண்ணீரிலும் அதே உப்பு, அதே சூடு. வலையும் வாளியும் இதற்கென்று தனி. இன்று ஒன்றும் சாகவில்லை.

டிசம்பர் 30

புள்ளி யாரிடமும் இல்லை. 150-இல் 31 போயின. 119 இருக்கின்றன.

ஜனவரி 3

தொட்டியின் பக்கங்கள் வழியாகச் சூடு போகாமல் இருக்கத் தெர்மோகோல் வேட்டை. குளச்சலிலிருந்து பைக்கில் மீன் கொண்டுவரும் அண்ணனிடம் உடைந்த பெட்டிகள் கேட்டு வைத்திருந்தேன், ஆறு பெட்டி கொடுத்தார். தெருமுனையில் பையன்கள் தெர்மோகோலில் கட்டிய கிறிஸ்துமஸ் குடிலைப் பிரித்தார்கள். குப்பையில் போடப் போனதைப் பிள்ளைகளை அனுப்பி வாங்கிக்கொண்டேன். பெட்டிகளைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவித் தொட்டிக்குத் தூரத்தில் இரண்டு நாள் வெயிலில் காயவைத்த பிறகுதான் எடுத்தேன், இல்லாவிட்டால் ஊர்ப் பூனை எல்லாம் இங்கேதான்.

பக்கங்களில் சுற்றிக் கட்டி, அதற்கு மேல் தார்ப்பாயால் பொதிந்தாயிற்று. இந்தப் பொதிதல் முக்கியம். எலி கடித்தால் மணி மணியாக உதிர்ந்து தண்ணீரில் மிதக்கும், மீன் தீவனம் என்று நினைத்து விழுங்கும். சின்னத் தொட்டிக்கு முதலில் செய்தேன்.

ஜனவரி 5

விடியற்காலை வெளியே 19.5. பெரிய தொட்டி 24.1. மூடியும் தெர்மோகோலும் வேலை செய்கின்றன, ஆனாலும் எங்கோ ஓட்டை இருக்கிறது. செடித்தொட்டிக்கு ஏறுகிற தண்ணீரையும் திரும்பி வருகிற தண்ணீரையும் தனித்தனியாக அளந்தேன். போனது 24.6, வந்தது 24.0.

ஈர ஜல்லியும் இலையும் திறந்த வானத்துக்குக் கீழே கிடந்தால் அது ரேடியேட்டர் மாதிரிதான். மணிக்கு 15 நிமிஷம் மோட்டார் ஓடி 375 லிட்டரை ஏற்றுகிறது. ஒவ்வொரு லிட்டரும் 0.6 டிகிரியைத் தொலைத்துவிட்டு வருகிறது. பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கூட்டினால் தொட்டிக்கு 0.9 டிகிரி. நானே கரண்ட் செலவழித்துக் குளிரவைத்திருக்கிறேன்!

ராத்திரி மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று டைமரை மாற்றினேன். ஜல்லி அதற்குள் காயாது, பாக்டீரியா தாங்கும். மீனுக்கான ஏர் பம்பை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தக் கூடாது.

ஜனவரி 9

சொட்டுநீருக்குப் போடுகிற 16 மில்லிமீட்டர் கருப்புக் குழாய், ஓட்டை போடாதது, 100 மீட்டர். ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. மாட்டுக்கொட்டகையின் தகரக் கூரையில் சுருளாக விரித்து, சின்ன மோட்டாரில் தொட்டித் தண்ணீரை அதன் வழியாகச் சுற்ற விட்டேன். பதினொன்றரை மணிக்கு உள்ளே போனது 25, வெளியே வந்தது 33. ஒரு லிட்டர் ஜாடி ஒரு நிமிஷத்தில் நிறைகிறது. அப்படி ஐந்து மணி நேரம் நல்ல வெயில் அடித்தால் தொட்டி 0.8 டிகிரி ஏறும்.

நின்றிருந்த குழாயில் தேங்கிய தண்ணீர் முதலில் கொதிக்கக் கொதிக்க வரும். அதை வாளியில் பிடித்து மெதுவாக விட வேண்டும், மீனின் மேல் நேராக விழக் கூடாது.

ஜனவரி 14

காலையில் 23.4 என்று கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. மூடி மூடித்தான் இருந்தது. கொட்டகைப் பக்கம் போனால் கருப்புக் குழாய் பனிபோலச் சில்லென்று இருக்கிறது. முந்தாநாள் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. அந்தக் குழாயின் மோட்டாருக்குப் போட்டது பல்சக்கர டைமர், கரண்ட் போனால் அதன் கடிகாரமும் நின்றுவிடும். எட்டு மணி நேரம் பின்தங்கி, காலை பத்து மணி என்று நினைத்துச் சாயந்தரம் ஆறு மணிக்கு மோட்டாரைப் போட்டிருக்கிறது. இரண்டு ராத்திரியாகப் பதினொரு மணி வரை தொட்டியின் சூட்டைக் கூரையில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறது.

டைமரைக் கழற்றிவிட்டேன். பேட்டரி உள்ள டைமர் வாங்கும் வரை கையால்தான். குழாயைத் தொட்டுப் பார்ப்பது, சுட்டால் போடுவது, ஆறினால் அணைப்பது. மாமி இந்த வேலையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள்.

ஜனவரி 19

வெளியே 19. பெரிய தொட்டி 25.2, சின்னது 24.9. பதினொரு மணிக்குத் தீவனம் போட்டேன். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் தண்ணீரில் ஒரு குருணைகூட இல்லை. நாளையிலிருந்து மாலை மூன்று மணிக்கும் ஒரு கை போடலாம்.