அப்பா தலையில் வைத்த வடிகுழாயை எப்போது எடுத்தார்கள்?

சில வாரங்களாகவே அப்பாவுக்கு நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. ஸ்கேனில் மூளைக்கும் அதன் மேலுறைக்கும் நடுவே பழைய ரத்தம் தேங்கியிருந்தது. எப்போதோ லேசாக இடித்துக்கொண்டதுதான் காரணமாம். வயதானால் மூளை கொஞ்சம் சுருங்கி, அங்கே உள்ள சிறு ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும். சின்ன அடியே போதும் என்றார் டாக்டர்.

மண்டையோட்டில் துளை போட்டுக் கழுவிவிட்டு, மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டிருந்தார்கள். மறுமுனையில் பை, அது தலைமட்டத்துக்குக் கீழேயே தொங்க வேண்டும். உறிஞ்சும் கருவி எதுவும் கிடையாது, தானாக வடிவதுதான். அப்பாவை எழுப்பி உட்கார வைப்பதென்றால் சிஸ்டர் வந்து முதலில் குழாயைக் கிளிப் போட்டு மூடுவார். அதுவரை நாங்கள் தலையணையைக்கூடத் தொடக்கூடாது.

முதலில் பழைய எஞ்சின் ஆயில் மாதிரி கருப்பாக வந்தது. மறுநாள் வெளிறிய சிவப்பு. அப்புறம் தெளிந்த மஞ்சள், ஆனால் நிற்கவில்லை. 48 மணி நேரம் நெருங்கியதும் எடுத்துவிடலாம் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

"இன்னும் வடியுதே டாக்டர்?"

"இப்ப வர்றது பழைய ரத்தம் இல்லம்மா. மூளையைச் சுத்தி எப்பவும் இருக்கிற நீர்தான். அது நிக்கட்டும்னு காத்திருந்தா நிக்கவே நிக்காது. குழாய் இருக்கிற வரைக்கும் கிருமி உள்ளே போக வழி திறந்தே இருக்கும்."

அப்படியானால் வைக்காமலே இருந்திருக்கலாமே என்று கேட்டேன். 2009-இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வைச் சொன்னார். குழாய் வைக்காதவர்களில் 24 சதவீதம் பேருக்கு மறுபடி தேங்கி அறுவை தேவைப்பட்டது. 48 மணி நேரம் வைத்தவர்களில் 9.3 சதவீதம்தான். ஒரே நாளில் எடுக்கிற டாக்டர்களும் உண்டாம். இந்தக் கணக்கை அறுவைக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் பையையே வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன்.

எடுப்பது படுக்கையிலேயே முடிந்தது. தையலை வெட்டி, மெதுவாக இழுத்து, அந்த ஓட்டையை உடனே ஒரு தையலால் மூடினார்கள். அப்பா முகத்தைச் சுளித்தார், அவ்வளவுதான். கட்டு நனைகிறதா, தலைவலி கூடுகிறதா, ஒரு பக்கக் கை கால் தளர்கிறதா, வலிப்பு வருகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள்.

பிறகு எடுத்த ஸ்கேனில் கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தது. மூளை பழையபடி விரிய வாரக்கணக்காகும், ஆள் தெளிவாக இருந்தால் அதற்காக மறுபடி துளை போட மாட்டோம் என்றார்கள். இதயத்துக்காகச் சாப்பிட்டுவந்த, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்கள். அதை எப்போது திரும்பத் தொடங்குவது என்று மூளை டாக்டரும் இதய டாக்டரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.