படத்தில் வராத அடைப்பு

"படத்துலயே ஒண்ணும் இல்லைங்கிறீங்க. அப்புறம் எதை வச்சு சார் ஸ்ட்ரோக்னு சொல்றீங்க?"

நோயாளியின் மகன் கேட்ட கேள்வி இது. கோபமாகக் கேட்கவில்லை. கையில் எம்ஆர்ஐ ரிப்போர்ட் இருந்தது, அதில் நார்மல் என்றுதான் போட்டிருந்தது. பணியிலிருந்த இளம் மருத்துவரும் சற்று முன்னால் அதையே வேறு மாதிரி கேட்டிருந்தார்: "காதுப் பிரச்சனையாத்தான் தெரியுது சார். சுத்தலுக்கு மாத்திரை எழுதி அனுப்பிடலாமா?" இருவருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: "உடம்பு இப்பவே சொல்லுது. படம் ரெண்டு நாள் கழிச்சு சொல்லும்."

அனுப்பவில்லை. மூன்றாம் நாள் மறுபடி எடுத்த படத்தில், மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தின் இடது ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. அதைச் சரிபார்க்க உதவும் ஏடிசி என்ற துணைப் படத்தில் அதே இடம் கறுப்பு. சந்தேகத்துக்கு இடமில்லாத ரத்தக்குழாய் அடைப்பு. கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் மகன் கேட்டது முதல் நாளில். அந்த நாளில், அந்தப் புள்ளி இல்லாமல், அந்தப் பதிலைச் சொல்லும் உரிமை இருந்ததா என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

இருந்தது என்று சொல்லக் காரணங்கள் உண்டு. வந்தபோது நோயாளி சொன்னவை தலைசுற்றல், வாந்தி, நிற்காத விக்கல். கை கால் இயங்கின, முகம் கோணவில்லை, பேச்சு புரிந்தது. ஸ்ட்ரோக் ஸ்கோர் போட்டால் இரண்டைத் தாண்டாது, ஏனென்றால் விழுங்குவதற்கும் நிமிர்ந்து உட்காருவதற்கும் அந்த அட்டவணையில் மதிப்பெண்ணே கிடையாது. மீதி எதையும் நோயாளி தானாகச் சொல்வதில்லை, கேட்டால்தான் வரும். "முகம் கழுவினப்போ தண்ணி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டதும் யோசித்தார். "வலது பக்கம் சில்லுன்னு இருந்துச்சு. இடது பக்கம் தண்ணி பட்டதே சரியாத் தெரியல." ட்யூனிங் ஃபோர்க்கின் உலோகத்தை முகத்தில் வைத்தபோதும் அதேதான். காலில் வைத்தால் தலைகீழ்: வலது கால் குளிர்ச்சியை உணரவில்லை. முகத்தில் இடது, உடம்பில் வலது. வலியையும் சூட்டையும் இப்படிக் குறுக்காகப் பிரித்து எடுக்க உட்காதால் முடியாது, முகுளத்தின் பக்கவாட்டால்தான் முடியும். 1895-இல் ஜெர்மன் நரம்பியல் மருத்துவர் வாலன்பெர்க் விவரித்த அதே சித்திரம்.

கண்ணையும் பார்க்க வேண்டும், வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு. கேசுவாலிட்டியின் பளீர் விளக்கில் இரண்டு கண் பாப்பாவும் சுருங்கிச் சமமாகத்தான் தெரியும். விளக்கை அணைத்து ஐந்தாறு நொடி விட்டால் ஒன்று விரியும், பாதிக்கப்பட்ட பக்கத்துப் பாப்பா விரியத் தயங்கும், இமையும் ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும். பிறகு கட்டில் ஓரத்தில் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்ல வேண்டும். இவர் இடது பக்கம் சரிந்துகொண்டே போனார். காதுக் கோளாறில் நடை தள்ளாடும். ஆனால் பிடிமானமில்லாமல் உட்காரவே முடியாத நிலை அதில் அரிது. குரல் கரகரத்ததைச் சளி என்று வீட்டார் நினைத்திருந்தார்கள். உடனே வாய்வழி எல்லாவற்றையும் நிறுத்தி, விழுங்கும் திறன் பார்க்கும்வரை மூக்கு வழியாக வயிற்றுக்கு ரைல்ஸ் டியூப் போட்டதற்கு அந்தக் குரல்தான் காரணம். படத்துக்காகக் காத்திருந்து ஒரு டம்ளர் காபி கொடுத்திருந்தால் அது நுரையீரலுக்குப் போயிருக்கும்.

படம் ஏன் பொய் சொன்னது? பொய் என்பது கடுமையான சொல். சிடியில் இந்த இடம் தெரியாததற்கு இருபுறக் காதெலும்புகளும் கதிரை விழுங்கிப் பட்டைபட்டையாக நிழல் போடுவது காரணம். ரத்தக்கசிவு இல்லை என்று சொல்ல சிடி போதும், அடைப்பு இல்லை என்று சொல்லப் போதாது. எம்ஆர்ஐ மேலானதுதான். ஆனால் முகுளத்தின் நீளமே சுமார் 3 செ.மீ. புதிய அடைப்பை வெள்ளையாகக் காட்டும் எம்ஆர்ஐ வகையான டிஃப்யூஷன் படம் வழக்கமாக 5 மி.மீ. தடிமனில், இடைவெளி விட்டு எடுக்கப்படுவது. அதில் நாலைந்து துண்டுகள்தான் முகுளத்தில் விழும். போதாக்குறைக்கு மண்டையோட்டின் அடியில் எலும்பும் காற்றும் சந்திக்கும் இடத்தில் படம் நெளிகிறது. கட்டா என்ற நரம்பியல் மருத்துவரும் அவர் குழுவினரும், விடாத சுற்றலோடு வந்தவர்களைத் தலைதிருப்பும் சோதனை உள்ளிட்ட கண் சோதனைகளால் ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்ட்ரோக் நோயாளிகளில் 12 சதவீதம் பேரின் முதல் டிஃப்யூஷன் படம் நார்மலாக இருந்தது. அவை எல்லாமே அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் எடுக்கப்பட்டவை.

எனவே ஸ்கேன் சீட்டில் என்ன எழுதுகிறோம் என்பது முக்கியம். 'தலைசுற்றல், பரிசோதனைக்கு' என்று எழுதினால் வழக்கமான படம்தான் வரும். 'இடது பக்கவாட்டு முகுள அடைப்பு சந்தேகம், 3 மி.மீ. டிஃப்யூஷன், கரோனலும் சேர்த்து, கழுத்து ரத்தக்குழாய்களும்' என்று எழுதினால் ரேடியாலஜிஸ்ட் அந்த இடத்தில் கண்ணை ஊன்றுவார். கழுத்து வலியும் இருந்தால் கொழுப்பை மறைத்த டி1 வகை எம்ஆர்ஐ படமும் வேண்டும், முதுகெலும்புத் தமனியின் சுவர் கிழிந்திருந்தால் ரத்தக்கட்டு பிறை வடிவில் தெரியும். சலூனில் கழுத்தைத் திருகிச் சொடுக்கு எடுத்தாரா என்பதையும் கேட்டுவிடுவது நல்லது.

இதைவிட அரிது, இரு பக்கமும் முகுளத்தின் நடுப்பகுதி அடைபடுவது. நாலு கை காலும் தளர்ந்து வருவதால் கை கால் நரம்புகளைத் தாக்கும் கில்லன் பாரே என்று நினைத்து முதுகுத்தண்டு நீர் எடுக்கப் போய்விடுவார்கள். ஆரம்ப நாட்களில் அனிச்சைச் செயல்கள் இதிலும் குறைந்திருக்கலாம் என்பதால் குழப்பம் கூடும். உள்ளங்காலைக் கீறிப் பார்க்கும்போது பெருவிரல் மேலே போனால் நரம்பு நோயை மறந்துவிட்டுப் படத்தைத் தேட வேண்டும். அதில் அடைப்பு இதய வடிவில் தெரியும், ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

இவ்வளவும் மகனிடம் சொல்லக்கூடியதல்ல. சொல்லியிருந்தாலும் அவர் கேட்டது இதை அல்ல. எவ்வளவு உறுதி என்றுதான் கேட்டார்.

சில வாரம் கழித்து அதே பதில் இன்னொரு குடும்பத்துக்கும் சொல்லப்பட்டது. விடாத சுற்றல், கண் ஆட்டம், தலையைச் சட்டென்று திருப்பிப் பார்க்கும் சோதனையில் பார்வை விலகவில்லை என்று குறிப்பு. காது நரம்பு கெட்டிருந்தால் பார்வை விலக வேண்டும். அதனால் சுற்றல் நடந்துகொண்டிருக்கும்போது அந்தச் சோதனை நார்மலாக இருப்பதுதான் ஆபத்து, அதுதான் வைத்துக்கொண்டதற்குக் காரணம். மறுநாள் அனுபவப்பட்ட ஒருவர் திருப்பியபோது பார்வை தெளிவாக விலகித் திரும்பி வந்தது. இரண்டாவது படமும் சுத்தம். காது நரம்பு அழற்சிதான். வீட்டார் இரண்டு ஸ்கேனுக்குப் பணம் கட்டினார்கள். அந்த 2009 ஆய்வில் தலையைத் திருப்பியவை பயிற்சி பெற்ற கைகள். நடுராத்திரி கேசுவாலிட்டியில் திருப்புபவை வேறு கைகள்: மெதுவாகத் திருப்பினாலே விடை மாறிவிடும். திடீர்க் காது கேளாமையும் சேர்ந்தால் பார்வை விலகினாலும் அடைப்பாக இருக்கலாம் என்பது இன்னொரு சிக்கல்.

அப்படியானால் முதல் நாள் சொன்னது அறிவா, துணிச்சலா? முகமும் உடம்பும் குறுக்காக மரத்த ஒருவரிடம் அது அறிவு என்றே இப்போதும் படுகிறது. வெறும் கண் ஆட்டத்தை மட்டும் நம்பிச் சொல்லும்போது அவ்வளவு இல்லை. இளம் மருத்துவர்களிடம் இப்போது தலைதிருப்பும் சோதனைக்கு முன்னால் ட்யூனிங் ஃபோர்க்கையும் கட்டில் ஓரத்தையும் கேட்கிறேன், அவை கையின் வேகத்தை நம்பி இல்லாததால். இரண்டும் சரியாக இருந்து, கண் சோதனை மட்டும் இழுபறியாக இருப்பவரை என்ன செய்வது என்று கேட்டால், ஒவ்வொரு முறையும் ஒரே விடை சொல்வதில்லை. உட்கார முடியாதவரை மட்டும், படம் என்ன சொன்னாலும், அனுப்பச் சொல்வதில்லை.