ஜோ ஃப்ராகர்: ஐந்து ஈடு மொலாசஸ் குக்கி

பழைய அமெரிக்கக் குறிப்புகளில், சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகான மொலாசஸ் சேர்த்த குக்கிக்கு வெண்ணெய் "முட்டையளவு" என்றாவது போட்டிருக்கும். மைதாவுக்கு அதுகூட இருக்காது. "தேய்க்கிற பதம் வரும்வரை மாவு" என்று விட்டுவிடுவார்கள். ஐந்து ஈடு சுட்டதில் பாதிக்கு மேற்பட்ட கோளாறுகள் அந்த ஒரு வரியில் தொடங்கியவை. மொலாசஸ் சேர்ந்த மாவு எப்போதும் கையில் ஒட்டும். ஒட்டுகிறதே என்று மைதாவைக் கொட்டினால் கதை முடிந்தது. அதற்கு மருந்து குளிரும் நேரமும்தான்.

எடுத்துக்கொண்டது ஜோ ஃப்ராகர் என்கிற வகை. அமெரிக்காவின் மசாசூசெட்ஸில் பாஸ்டனுக்கு வடக்கே கடலோரம் இருக்கும் மார்பிள்ஹெட் என்ற மீனவ ஊரின் சொத்து. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே ஜோசப் பிரவுன், லுக்ரீஷியா பிரவுன் தம்பதி ஒரு மதுவிடுதி நடத்தினார்கள். ஜோசப் அமெரிக்க விடுதலைப் போரில் சண்டையிட்ட கறுப்பினத்தவர். அடுப்படி லுக்ரீஷியா கையில். விடுதி இருந்த மேட்டுக்கு இன்றைக்கும் ஜிஞ்சர்பிரெட் ஹில் என்றுதான் பெயர். பக்கத்துக் குளத்துத் தவளைகளைப் போலப் பெரிதாக, தட்டையாக இருந்ததால் குக்கிக்கு அந்தப் பெயர் என்பது ஊர்க்கதை.

இதில் முட்டை இல்லை, பால் இல்லை. மொலாசஸும் ரம்மும் உப்பும் சேர்ந்து நாள்கணக்கில் கெடாமல் காக்கும். அதனால்தான் மீன்பிடிக்கப் போனவர்கள் பீப்பாயில் போட்டுக் கடலுக்கு எடுத்துப் போனார்கள். கிறிஸ்துமஸுக்கு டப்பாவில் அடுக்கி அனுப்ப இதைவிடத் தோதான குக்கி கிடையாது. இத்தனைக்கும் மசாசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடினால் அபராதம்!

மொலாசஸ் பற்றி முதலில். கரும்புச்சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையைப் பிரித்தபின் மிஞ்சும் பாகு அது. முதல் காய்ச்சலில் வருவது வெளிர் மொலாசஸ், இரண்டாவதில் வருவது அடர் மொலாசஸ், மூன்றாவதில் வருவது பிளாக்ஸ்ட்ராப். ஒவ்வொரு காய்ச்சலிலும் சர்க்கரை வெளியேற, கசப்பும் தாதுச்சத்தும் மிஞ்சுகின்றன. இந்தக் குக்கிக்கு வேண்டியது கந்தகம் சேர்க்காத அடர் மொலாசஸ். தமிழ்நாட்டுச் சர்க்கரை ஆலைகளிலிருந்து எரிசாராய ஆலைக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் போகிற மொலாசஸ் உணவுத் தரத்தில் எடுக்கப்படுவதில்லை. அதைச் சமையலுக்குத் தொட வேண்டாம். வெல்லப்பாகு ஊற்றினாலும் நல்ல குக்கி வரும், ஆனால் அது வேறு குக்கி. அந்தக் கசப்பு வராது, சோடாக் கணக்கும் மாறும்.

நாலாவது ஈட்டில் நிலைபெற்ற அளவு இது. 24 குக்கி வரும்.

மைதா 420 கிராம்
அடர் மொலாசஸ் 300 கிராம்
சர்க்கரை 170 கிராம்
உப்பில்லாத வெண்ணெய் 115 கிராம்
டார்க் ரம் 60 மி.லி.
வெந்நீர் 30 மி.லி.
உப்பு 9 கிராம்
பேக்கிங் சோடா 6 கிராம்
சுக்குப்பொடி 4 கிராம், ஆல்ஸ்பைஸ் (மிளகு போன்ற ஒரு மசாலாக்காய்) பொடி 1 கிராம், துருவிய ஜாதிக்காய் கால் டீஸ்பூன், கிராம்புப்பொடி ஒரு சிட்டிகை

எல்லாம் எடையில். மொலாசஸைக் கப்பில் அளக்கவே கூடாது. அமெரிக்கக் கப் ஏறக்குறைய 237 மி.லி., நம் கடைகளில் விற்கும் கப் பெரும்பாலும் 250 அல்லது 200. அதோடு கப்பின் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்பது வேறு. தராசின்மேல் பாத்திரத்தை வைத்து நேராக ஊற்றுவதே வழி. கிராம்பு கொஞ்சம் கூடினாலும் பல்வலித் தைலம் மணக்கும். மசாலாவில் எச்சரிக்கை அவ்வளவுதான்.

முதல் ஈடு. பழைய குறிப்பின் சொல்லைக் கேட்டு, ஒட்டாத பதம் வரும்வரை மைதா சேர்த்ததில் 420 கிராம் 560 ஆகிவிட்டது. தேய்க்கச் சுகமாக இருந்தது. சப்பாத்தி மாவு மாதிரி கட்டைக்கு அடங்கியது. ஓவனில் வைத்த வட்டம் வைத்தபடியே இருந்தது, கொஞ்சமும் பரவவில்லை. மேலே வெடிப்பும் விழவில்லை. ஆறியபின் உடைத்தால் உள்ளே ரொட்டி போல வறண்டிருந்தது, சுக்கின் காரம்கூட அமுங்கிப் போயிருந்தது. மூன்றாம் நாள் ரஸ்க். தேநீரில் நனைத்துத் தின்னலாம், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாம் ஈடு. மைதா 420-இல் நின்றது. ஆனால் மாவைக் குளிர்பெட்டியில் வைத்தது ஒரு மணி நேரம்தான். மேலே குளிர்ந்து, நடுவில் இளகலாகவே இருந்தது. 9 செ.மீ. அகலத்துக்கு வெட்டியவை 12 செ.மீ. வரை பரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஓரம் கருகிக் கசந்தது. இரண்டாம் தட்டு இன்னும் மோசம். முதல் தட்டு வெளியே வந்த சூட்டோடு அதே தட்டில் அடுத்ததை அடுக்கியதால், ஓவனுக்குள் போகுமுன்பே வெண்ணெய் உருகத் தொடங்கிவிட்டது. இரண்டு தட்டு இருந்தால் மாற்றி மாற்றி வைக்கலாம். இல்லையென்றால் தட்டின் அடியில் குழாய்நீரைத் திறந்துவிட்டுத் துடைத்து எடுக்கலாம்.

அதே ஈட்டில் இன்னொரு குறை. சோடாவை மைதாவோடு சலிக்காமல் கலந்ததால் அங்கங்கே கரும்புள்ளிகள், கடித்த இடத்தில் சவர்க்கார வாடை. மொலாசஸ் இயல்பிலேயே லேசான புளிப்புள்ளது. அந்தப் புளிப்போடுதான் சோடா வினைபுரிய வேண்டும். ஆகவே இரண்டையும் முதலிலேயே நேராகச் சேர்த்துவிடுவது நல்லது. மொலாசஸில் சோடாவைக் கொட்டி நன்றாகக் கிளறி 15 நிமிடம் விட்டால் நிறம் வெளிறி, நுரைத்து, மேலெழும்பும். பாத்திரம் பெரிதாக இருக்கட்டும், மொலாசஸின் இரு மடங்கு இடம் வேண்டும். சோடாவின் வேலை உப்பவைப்பதோடு நிற்பதில்லை. புளிப்பைத் தணித்து, மேல்புறம் சிவக்கவும் உதவுகிறது. 6 கிராமுக்கு மேல் போனால் மறுபடி சவர்க்காரம். 3 கிராமுக்குக் குறைத்தால் குக்கி கனத்து, நாக்கின் ஓரத்தில் புளிக்கும்.

மூன்றாம் ஈடு பிளாக்ஸ்ட்ராப் சோதனை. சத்து அதிகம் என்று பலர் இதையே வாங்குகிறார்கள். 300 கிராமும் அதுவாகவே போட்டதில் கஷாயம் தோற்றது. கசப்போடு உவர்ப்பும் சேர்ந்துகொண்டது, சர்க்கரை குறைவு என்பதால் மறுநாளே வறளவும் தொடங்கியது. அடர் மொலாசஸோடு 50 கிராம் வரை கலந்தால் ஆழமான சுவை வரும். அதற்கு மேல் வீண்.

நாலாம் ஈடு சரியாக வந்தது. செய்த விதம்: வெந்நீரில் உப்பைக் கரைத்து, பிறகு ரம் ஊற்றுவது. 15 மி.லி. நீரில் 9 கிராம் உப்பு முழுதாகக் கரையாது, ரம்மிலோ உப்பு சரியாகவே கரைவதில்லை. அதனால்தான் நீர் 30. கரையாத கல் ஒன்று நின்றாலும் வாயில் தட்டும். வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து 3 நிமிடம் அடித்து, ரம் கலவையை ஊற்றினால் திரிந்த பால் போலப் பிரியும். பதற வேண்டாம். மசாலா கலந்து சலித்த மைதாவையும் நுரைத்த மொலாசஸையும் மூன்று தவணையாக மாற்றி மாற்றிச் சேர்த்தால் கூடிவிடும். மாவு கண் மறைந்ததும் நிறுத்த வேண்டும். மேலும் அடித்தால் குக்கி ரப்பராகும்.

இப்போது மாவு கேக் கலவைக்கும் களிக்கும் நடுவில் இருக்கும். கையால் எடுக்கவே முடியாது. மைதா டப்பாவைத் திறக்கத் தோன்றும் இடம் இதுதான். திறக்காமல், இரண்டு பங்காகப் பிரித்து, பிளாஸ்டிக் தாளில் வைத்து 2 செ.மீ. கனத்துக்குத் தட்டிச் சுற்றி, குளிர்பெட்டியில் இரவு முழுக்க, குறைந்தது 8 மணி நேரம் வைக்க வேண்டும். உருண்டையாக வைத்தால் நடுப்பகுதி குளிர நேரமாகும். அந்த 8 மணி நேரத்தில் மூன்று காரியம் நடக்கிறது. மைதா மெல்ல ஈரத்தை உறிஞ்சுகிறது, வெண்ணெய் உறைகிறது, மொலாசஸ் இறுகுகிறது. மூன்றாவதைக் குறைவாக எடை போடக் கூடாது. 1919 ஜனவரி 15 அன்று பாஸ்டனின் நார்த் எண்ட் பகுதியில் மொலாசஸ் தொட்டி வெடித்து 21 பேர் இறந்தார்கள். முதலில் வெள்ளமாகப் பாய்ந்தது பிறகு குளிரில் இறுகிக்கொண்டதால் சிக்கியவர்களை மீட்பது அவ்வளவு கடினமாயிற்று. சில டிகிரி மாறினாலும் இதன் பதம் மாறிவிடும்.

தேய்ப்பதற்கு இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் மாவை வைத்துச் சப்பாத்திக் கட்டையால் 6 மி.மீ. கனத்துக்கு. தூவும் மைதா இரண்டு டேபிள்ஸ்பூனைத் தாண்டத் தேவையில்லை. ஒரு பங்கைத் தேய்க்கும்போது மற்றது குளிர்பெட்டியிலேயே இருக்கட்டும். வெட்ட 9 செ.மீ. வாய் உள்ள டப்பா மூடி போதும். முன்பு காப்பித்தூள் டப்பா மூடியால்தான் வெட்டினார்கள். ஒட்டினால் தாளோடு 10 நிமிடம் உறைபெட்டியில் வைத்து எடுத்தால் காசு மாதிரி கழன்று வரும். தட்டுக்கு 6, இடைவெளி 4 செ.மீ. வெட்டியது போக மிஞ்சிய துண்டுகளை ஒருமுறை சேர்த்துத் தேய்க்கலாம். இரண்டாம் முறை தேய்த்தவை கெட்டியாக வந்தன.

ஓவன் 190 டிகிரி செல்சியஸ், நடுத்தட்டு, 9 நிமிடம். சிறிய ஓவனில் பின்பக்கம் சூடு அதிகம் என்பதால் 5-ஆம் நிமிடத்தில் தட்டைத் திருப்பியது. இங்கே கண்ணை நம்ப முடியாது. மற்ற பிஸ்கட்டுக்குப் பொன்னிறம் சொல்லும் சேதியை இது சொல்லாது, மாவே கரும்பழுப்பு. பார்க்க வேண்டியது வெடிப்புகளை. மேலே வெடிப்பு விழுந்து, வெடிப்புக்குள் இன்னும் ஈர மினுமினுப்பு இருக்கும்போதே எடுக்க வேண்டும். ஓரம் விரலுக்கு உறுதியாகவும், நடுவில் தொட்டால் லேசான பள்ளம் நிற்பதாகவும் இருக்கும். வெடிப்புக்குள்ளும் காய்ந்துவிட்டால் ஒரு நிமிடம் தாமதம். சந்தேகத்துக்கு எடை போட்டும் பார்க்கலாம்: பச்சையாக 47 கிராம் இருந்தது 42-43 கிராமுக்கு வந்தபோது உள்ளே மென்மை நின்றது, 40-க்கு இறங்கியது மறுநாள் விறைத்தது. தட்டிலேயே 10 நிமிடம் ஆறவிட வேண்டும், சூட்டில் தூக்கினால் நடுவில் மடிந்து கிழியும்.

ஐந்தாம் ஈடு அதே அளவில், வைத்துப் பார்ப்பதற்காக. சுட்ட அன்று ரம்மும் சுக்கும் தனித்தனியாகத் தெரிகின்றன. மூன்றாம் நாள் ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே டிசம்பர் 25-ஆம் தேதிக்கு வேண்டுமென்றால் 21 அல்லது 22-இல் சுடலாம். மொலாசஸில் உள்ள குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஈரத்தைப் பிடித்து வைப்பதால் தகர டப்பாவில் 12 நாள் வரை மென்மை குறையவில்லை. அடுக்குக்கு நடுவில் பட்டர் பேப்பர் கட்டாயம், இல்லாவிட்டால் எல்லாம் ஒரே பலகை. மொறுமொறு பிஸ்கட்டை இதோடு ஒரே டப்பாவில் போட்டால் அது நமுத்துப் போகும், இது காயும். காய்ந்ததற்கு ஒரு ரொட்டித் துண்டை டப்பாவுக்குள் ஒரு ராத்திரி வைத்தால் பாதி உயிர் திரும்பும். ஆப்பிள் துண்டு வைக்கும் பழைய வழக்கமும் உண்டு, ஆனால் மறந்துவிட்டால் பூஞ்சை.

ரம் வேண்டாம் என்பவர்களுக்காக இதே ஈட்டில் ஒரு பங்கை மட்டும் கெட்டித் தேயிலை டிக்காஷனில் பிசைந்து பார்த்தது. 60 மி.லி.க்கு 60 மி.லி. என்ற அதே கணக்கு. பதம் மாறவில்லை, மணம் ஒரு படி கீழே.

பாக்கி இருப்பது பன்றிக்கொழுப்பு. பழைய குறிப்புகள் சிலவற்றில் வெண்ணெய்க்குப் பதில் அதுதான். வெண்ணெயில் 16 சதவீதம் அளவுக்கு நீர் உண்டு, பன்றிக்கொழுப்பில் கிட்டத்தட்ட இல்லை. ஆகவே 115 கிராமில் பாதியை மாற்றினால் சுமார் 9 மி.லி. நீர் குறையும். ஆறாம் ஈட்டில் வெந்நீரை 40 மி.லி. ஆக்கி, மற்ற எதையும் தொடாமல் பார்க்க வேண்டும்.