மிதக்கும் வீட்டு மாதிரி: சூடு தரை வழியாகத்தான் போகிறது

மிதக்கும் வீட்டின் மாதிரி ஒன்றைச் செய்ய ஆரம்பித்து ஆறு வாரம் ஆகிறது. நீளம் 60 செ.மீ., அகலம் 40 செ.மீ. உடம்பு முழுக்க 6 மி.மீ. பிளைவுட், வெளிப்பக்கம் இரண்டு கை எபாக்ஸி (தண்ணீர் புகாத பிசின் பூச்சு), சுவருக்கும் கூரைக்கும் உள்ளே 2 செ.மீ. தெர்மோகோல். தொட்டியில் விட்டதும் ஒரு சொட்டுகூட ஒழுகாமல் மிதந்தது. ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

எனக்குத் தெரிய வேண்டியது, உள்ளே இருக்கும் சூடு எந்த வழியாக வெளியே போகிறது என்பதுதான். மின்சாரம் பாய்ந்தால் சூடாகும் 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை உள்ளே வைத்து ஓடவிட்டேன். மூன்று மணி நேரம் கழித்தும் வெளியே இருந்ததைவிட 4.5 டிகிரிதான் ஏறியிருந்தது. எங்கோ இடுக்கு இருக்கிறது என்று எல்லா மூட்டுகளிலும் டேப் ஒட்டினேன்; பலனில்லை. அப்புறம்தான் தரையில் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. மொத்தப் பரப்பில் தரை கால் பங்குகூட வராது. ஆனால் தண்ணீர் காற்றைவிடச் சுமார் 24 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். சூடு போகாமல் தடுக்கும் காப்பு நான் போடாமல் விட்டதும் அந்த ஒரு இடம்தான்! 3 செ.மீ. தெர்மோகோல் பரப்பிவிட்டு அதே சோதனையைச் செய்தேன். இந்த முறை 7 டிகிரி.

பேட்டரி வைத்த கதை சின்னது. 1.2 கிலோ பேட்டரியை ஓரமாக வைத்ததும் அந்தப் பக்கம் எதிர்ப்பக்கத்தைவிட 3 செ.மீ. தாழ்ந்துவிட்டது. நடுவில், தரையோடு தரையாக வைத்ததும் சரியானது. இந்த அளவு மாதிரியில் ஒரு கிலோ கூடினால் 4 மி.மீ. அமிழும் என்பதால் இப்போது எதையும் எடை போட்டுவிட்டுத்தான் உள்ளே வைக்கிறேன்.

ஒரு வாரம் கழித்துத் தரைத் தெர்மோகோலைத் தூக்கிப் பார்த்தபோது மனசு விட்டுப்போயிற்று. அடியில் பிளைவுட் மேல் முத்து முத்தாக நீர்த்துளிகள், ஒரு மூலையில் மரம் கறுக்கத் தொடங்கியிருந்தது. ஒழுகல் இல்லை, எபாக்ஸி பூச்சு அப்படியேதான் இருந்தது. தெர்மோகோலை ஒட்டாமல் சும்மா வைத்திருந்ததால், உள்ளே இருந்த ஈரக்காற்று விளிம்பு வழியாக அடியில் இறங்கி, குளிர்ந்த பலகையில் பட்டு வேர்த்திருக்கிறது. காப்பு போட்டதால் பலகை முன்பைவிட இன்னும் குளிர்ந்துதான் போயிருக்கும். மிதக்கும் வீடு கட்ட நினைப்பவர்கள் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும். காப்பு எவ்வளவு தடிமன் என்பது ஒரு பக்கம். காற்று அடியில் புகாமல் இருப்பது அதே அளவு முக்கியம்.

பலகையை நன்றாகக் காயவைத்து, இடைவெளி விடாமல் பசை தடவி ஒட்டினேன். தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேல்வரை சுவரிலும் அதே 3 செ.மீ. ஏற்றி, விளிம்பெல்லாம் சிலிக்கான் வைத்து அடைத்தேன். இன்று மூன்றாம் நாள். பத்தாம் நாள் ஒரு மூலையை மட்டும் வெட்டிப் பார்க்கப் போகிறேன். அது காய்ந்திருந்தால் கூரையில் சோலார் பேனல் ஏறும்.