புராஸ்டேட் மாத்திரைக்கு வயிறு போகுமா?

ராத்திரி சிறுநீருக்கு நாலு தடவை எழுந்திருப்பது, போய் நின்றாலும் சொட்டுச் சொட்டாக வருவது, வந்த பிறகும் மிச்சம் இருப்பது போலவே இருப்பது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஸ்கேனும், புராஸ்டேட்டுக்காக (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) எடுக்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிட்டு, சாதாரண புராஸ்டேட் வீக்கம்தான் என்று சொல்லி, சைலோடோசின் 8 மில்லிகிராம் கேப்சூல் எழுதிக் கொடுத்தார் யூராலஜி டாக்டர். தினம் ஒன்று, சாப்பாட்டோடு.

சிறுநீர் சீக்கிரமே தாராளமாக வர ஆரம்பித்தது. இந்த மருந்து வீக்கத்தைக் குறைப்பதில்லை. சுரப்பியிலும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் இறுகிக் கிடக்கும் தசையைத் தளர்த்திவிடுகிறது. ஆனால் கூடவே வயிறும் தளர்ந்துவிட்டது. காலையில் காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் ஓட வேண்டும். தண்ணீராகப் போகும். மத்தியானம் இன்னொரு தடவை. காய்ச்சல் இல்லை, ரத்தம் இல்லை, பெரிய வலியும் இல்லை.

"வெளியில எதையாவது தின்னுட்டு வந்திருப்பீங்க" என்றாள் மனைவி. அவளுக்கு எல்லா வியாதிக்கும் காரணம் ஓட்டல் சாம்பார்தான். அப்புறம் சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின் மேல் சந்தேகம் வந்தது. அதற்கு வயிறு போவது சகஜம்தான். ஆனால் பல வருஷமாக அதே மாத்திரை, அதே அளவு. புதிதாக வீட்டுக்குள் வந்தது இந்தக் கேப்சூல் ஒன்றுதான். மகன் அதன் தகவல் சீட்டைப் போனில் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினான். விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடுவது முதலில் இருந்தது (அதை அவன் வேகமாகத் தள்ளிவிட்டான்), அடுத்து தலைசுற்றல், அடுத்து வயிற்றுப்போக்கு. நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு வருமாம்.

வயிறு போவதைவிட அந்தத் தலைசுற்றல்தான் என்னைப் பயமுறுத்தியது. ஒரு நாள் பாத்ரூமிலிருந்து எழுந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்து, கதவுத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எழுந்து நின்றால் ரத்த அழுத்தத்தை இறக்கும் குணம் இந்த மருந்துக்கு உண்டு. உடம்பில் நீர்ச்சத்தும் குறைந்தால் கேட்கவே வேண்டாம். அதுவும் நான் பிரஷர் மாத்திரை வேறு சாப்பிடுகிறவன். அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்து, கேப்சூலை நிறுத்தட்டுமா என்று கேட்டேன்.

"நீங்களா நிறுத்திடாதீங்க சார். திடீர்னு சிறுநீர் அடைச்சுக்கிட்டா டியூப் போட வேண்டி வரும். ஓ.ஆர்.எஸ். குடிங்க, நாளைக்கு வாங்க."

மறுநாள் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பிரஷர் பார்த்தார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார். சிறுநீரகம் மந்தமாக இருந்தால் இந்த மருந்து உடம்பில் அதிகமாகத் தங்கும், அளவைக் குறைக்க வேண்டுமாம். எனக்கு அது சரியாகவே இருந்தது. அவர் முதலில் வயிற்றைப் பற்றிக் கேட்காததில் ஆச்சரியமில்லை. சிறுநீர் டாக்டரிடம் வயிற்றுக் கதையை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

சைலோடோசினுக்குப் பதில் டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம் கொடுத்தார். தினமும் அதே வேளை, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து. கடிக்கவோ பிரிக்கவோ கூடாது. வெறும் வயிற்றில் போட்டால் ரத்தத்தில் மருந்தின் அளவு எகிறித் தலைசுற்றலாம் என்றார். இதற்கும் சிலருக்கு வயிறு போகும், சிலருக்குக் கட்டிக்கொள்ளும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். எனக்கு இரண்டும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக வயிறு பழைய நிலைக்கு வந்தது. சிறுநீர் மட்டும் சைலோடோசின் காலத்து வேகத்தில் இல்லை. ராத்திரி ஒரு தடவை எழுந்திருக்கிறேன். அதற்கு நான் சம்மதம்தான்.